மீட்பைப் பற்றிய வாதம்: தரங்கம்பாடி முதல் அனந்தபுரி வரை

முன்னுரை

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளியின் படி ஏறியதில்லை. இரயில்வேயில் கணக்கெழுதிக் காலங்கழித்து வருகிறோம். புலவர் பெருமக்கள் எழுதும் மலரில் எம்போன்ற குமாஸ்தா ஒருவன் எதைப் பற்றி எழுதுவது என்று பல நாள் தயங்கினோம். முடிவில், எம் வாழ்வில் நேர்ந்த ஒரு பிழையே எமக்குப் பொருளை எடுத்துக் கொடுத்தது. அதனை மறைக்காமல் முதலில் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் மதிய உணவு வேளையில் அலுவலக நண்பர் சிலர் கூடியிருந்தோம். எங்களுள் வயதில் மூத்தவர் மார்த்தாண்டம் பக்கத்துக் கிறித்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். பேச்சு எங்கெங்கோ சுற்றிச் சமயத்தில் வந்து நின்றது. யாம் நாவடக்கமின்றி, "அண்ணாச்சி, ஒருவன் செய்த பாவத்துக்கு வேறொருவன் சிலுவையில் தொங்குவதா? இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டுவிட்டோம். இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, "தம்பி, எங்கள் வேதத்தில் எதைப் படித்துவிட்டு இதைக் கேட்கிறீர்?" என்றார். எம்மிடம் விடை இல்லை. யாம் ஒரு வரியும் படித்ததில்லை. அவர் எழுந்து போய்விட்டார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுத் தட்டு எம் வீட்டுக்கு வரவில்லை. பொங்கலுக்கு எம் வீட்டுத் தட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே காலனியில், இரண்டு வாசல் தள்ளி வாழ்ந்த இரு குடும்பங்கள் ஒரு சொல்லால் பிரிந்து நின்றன.

அவர் கேட்ட வினா எம்மை உறங்கவிடவில்லை. விடுமுறை நாட்களில் இந்நகரின் பழம்பெரும் பொது நூலகத்திற்குச் செல்லத் தொடங்கினோம். படிக்கப் படிக்க ஓர் உண்மை புலனாயிற்று. யாம் கேலியாகக் கேட்ட அதே வினாவை நம் முன்னோர் நானூறு ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு விடையும் பெற்றிருக்கிறார்கள். விடையை மறுத்தும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுட் சிறந்தவர்கள் படித்துவிட்டுக் கேட்டார்கள். அந்த வரலாற்றையே இங்கே சுருக்கி உரைக்கிறோம்.

கிறித்தவர் கூறுவது யாது?

பிறர் கொள்கையை முதலில் கூறி, அதன் பின்னரே தம் கொள்கையை நிறுவுதல் தமிழ் மரபு. சிவஞான சித்தியாருக்குப் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகள் உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் திறம் கேட்டாள். ஆதலின் நாமும் அம்முறையே தொடங்குவோம்.

இறைவன் மனிதனைத் தூயவனாகப் படைத்தான். முதல் மனிதராகிய ஆதாமும் ஏவாளும் இறைவன் கட்டளையை மீறினர். அதனால் பாவமும் மரணமும் மனித குலத்தைப் பற்றின. மனிதன் தன் முயற்சியால் இக்கட்டிலிருந்து விடுபட இயலாது. ஆகவே இறைவனின் மைந்தர் மனிதராகப் பிறந்து, பாவமின்றி வாழ்ந்து, சிலுவையில் தம் உயிரை ஈந்து, உயிர்த்தெழுந்தார். அவரிடம் விசுவாசம் வைப்போர் மன்னிப்பும் புதுவாழ்வும் பெறுவர். இதுவே கிறித்தவர் கூறும் மீட்பு. இரட்சிப்பு என்றும், இரட்சணியம் என்றும் வழங்குவது இதனையே.

சிலுவை மரணம் பாவத்தை எவ்வாறு போக்குகிறது என்பதில் கிறித்தவ அறிஞரிடையே ஒரே கருத்து என்றும் இருந்ததில்லை என்பதை யாம் படித்தபோதே அறிந்தோம். பழைய சபைத் தந்தையர் பலர், அது மரணத்தின் மீதும் தீய சக்தியின் மீதும் பெற்ற வெற்றி என்றனர். கீழ்த்திசைச் சபைகளில் இக்கருத்து இன்றும் ஓங்கி நிற்கிறது. ஆன்செல்ம் என்னும் துறவி 1098-ல் முடித்த நூலில், மனிதன் இறைவனுக்குச் செலுத்தத் தவறிய கடனைக் கிறிஸ்து செலுத்தினார் என்று வாதித்தார். அவருக்கு அடுத்த தலைமுறையினரான அபெலார்டு, இறைவனின் அன்பை மனிதன் கண்டு மனம் திரும்புவதே சிலுவையின் பயன் என்றார். 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளோ, மனிதன் பெற வேண்டிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்று விளக்கினர். அதே நூற்றாண்டில் சொசீனி என்னும் இத்தாலியர் எழுந்து, கடனை ஒருவனுக்காக மற்றொருவன் கட்டலாம், தண்டனையை அவ்வாறு மாற்ற இயலாது என்று மறுத்தார். யாம் உணவு வேளையில் கேட்ட வினா, ஐரோப்பாவிலேயே நானூறு ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட வினாவாகும்!

கொல்லமும் மதுரையும்

இவ்வாதம் தமிழில் நுழைந்த வாயில் நமக்கு மிக அண்மையில் உள்ளது. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்க நூல் அச்சாயிற்று. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது தலையாயது. போர்த்துகீசிய மொழியில் இருந்த கிறித்தவ உபதேசத்தை அண்டிரிக் அடிகளார் தமிழாக்கினார். நம்மில் பலர் நாள்தோறும் வண்டியில் கடந்து செல்லும் கொல்லத்திற்கு இப்பெருமை உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, புலால் மறுத்து, தத்துவ போதகர் என்று பெயர் பூண்டார். கிறித்தவ மீட்புக் கொள்கைக்கு இந்நாட்டில் குறுக்கே நிற்பது வினைக் கொள்கையே என்பதை அவர் நன்குணர்ந்தார். அவனவன் வினையை அவனவனே பல பிறவிகளில் நுகர்ந்து தீர்க்க வேண்டும் என்பது நம் மக்களின் உறுதியான எண்ணம். அதனை எதிர்த்து அவர் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்னும் நூலையே எழுதினார். இவ்விரு கொள்கைகளும் எதிர்ப்பட்ட இடத்தில்தான் பிற்கால வாதங்கள் யாவும் பிறந்தன.

தரங்கம்பாடியில்

1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகி வெளிவந்தது.

ஆனால் அவரது பணியில் எம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அவர் தமிழரிடம் வினாக்களை அனுப்பி, கடிதங்கள் வாயிலாக விடைகளைப் பெற்றார். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு 1714-லும் 1717-லும் ஹாலே நகரில் வெளியாயின. நேரில் நிகழ்ந்த முப்பத்து நான்கு உரையாடல்கள் 1719-ல் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாயின. அக்காலத் தமிழர் சமய வாதத்தில் எத்துணைக் கூர்மை உடையவர் என்பதற்கு இவை சான்று. கிறித்தவ உபதேசத்தைக் கேட்டோர் வெறுமனே தலையசைக்கவில்லை. உபதேசம் நன்றாயிருக்கிறது, ஆனால் கடற்கரையில் வாழும் கிறித்தவர் குடிப்பதும் தூய்மையின்றி ஒழுகுவதும் ஏன் என்று கேட்டனர். இறைவன் பலருக்கும் பல வழிகளை வகுத்திருக்கலாகாதா என்று கேட்டனர். கொள்கையைக் கொள்வோனின் ஒழுக்கத்தால் எடை போடும் இத்தமிழ் வழக்கம் இன்றும் நம்மிடையே உள்ளது.

சிறிது காலத்திற்குள் வாதம் கிறித்தவருக்குள்ளேயே மூண்டது. கத்தோலிக்கராகிய வீரமாமுனிவர், தரங்கம்பாடி லுத்தரன் குருமாரை மறுத்து 'வேத விளக்கம்' எழுதினார். அவர்கள் 'திருச்சபை பேதகம்' என்று எதிர்நூல் விடுத்தனர். முனிவர் 'பேதகம் மறுத்தல்' என்று மீண்டும் மறுத்தார். மனிதன் மீட்படைவது விசுவாசத்தால் மட்டுமா, நற்செயலும் வேண்டுமா? மறைநூல் ஒன்றே போதுமா, சபையின் மரபும் வேண்டுமா? ஜெர்மனியில் 1517-ல் லுத்தர் எழுப்பிய பூசல் காவிரிக் கரையில் செந்தமிழ் உரைநடையில் நடந்தது. நம் உரைநடை வளர்ச்சிக்கு இப்பூசலும் உரமாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

அப்பூசல் எவ்வாறு முடிந்தது என்பதையும் கூறிவிடுகிறோம். 1999 அக்டோபர் 31-ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதன் இறையருளாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறான், அவ்வருள் நற்செயலாக மலர்கிறது என்பதில் தங்களுக்குள் அடிப்படை உடன்பாடு உண்டு என்று இரு தரப்பாரும் அறிவித்தனர். வேத விளக்கம் எழுதியவரும் அதனை மறுத்தவரும் இருந்து கண்டிருப்பின் என் நினைத்திருப்பரோ!

தஞ்சையிலும் யாழ்ப்பாணத்திலும்

மறைநூலைப் பொருள் கொள்வதில் மொழிபெயர்ப்பே முதற் படி. கடவுளைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது? கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர்; ஃபப்ரீஷியஸ் பராபரன் என்றார்; 1871-ல் வெளியான ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது; 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. சொல் மாறும்போதெல்லாம் சண்டை எழுந்தது. சரபோஜி மன்னரின் அவையில் விளங்கிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், ஃபப்ரீஷியஸ் அடிகளின் மொழிபெயர்ப்பை இரேனியஸ் திருத்தியதைக் கடுமையாக எதிர்த்தார். தாம் ஓதி வளர்ந்த வேத வாக்கியத்தை வேற்று நாட்டார் விருப்பம்போல் மாற்றுவதை அவர் மனம் பொறுக்கவில்லை. வேதம் எவருக்கு உரியது, அதைக் கொண்டுவந்தவருக்கா, ஓதுகின்றவருக்கா என்னும் வினா அங்கே எழுந்தது.

யாழ்ப்பாணத்தில் வரலாறு வேறு வகையாகத் திரும்பிற்று. பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கு உறுதுணையாக நின்றவர் ஆறுமுக நாவலர். எழுத்தெழுத்தாக அந்நூலை ஆராய்ந்த சைவர் அவர். 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிய நாவலர், 1854-ல் 'சைவ தூஷண பரிகாரம்' வெளியிட்டார்.

அந்நூலின் வாத முறை வியக்கத்தக்கது. கோயில், தீபம், தூபம், நிவேதனம், நீராடல் முதலியவற்றை வீண் சடங்குகள் என்று பாதிரிமார் பழித்தனர். நாவலரோ அவர்களுடைய வேதத்தையே கையிலெடுத்தார். பழைய ஏற்பாட்டில் இறைவன் ஆலயத்திற்கு அளவு கூறுகிறார். விளக்கேற்றவும் தூபமிடவும் பலியிடவும் விதிக்கிறார். உங்கள் கடவுள் விதித்தது சரியாயின் எங்கள் ஆகமம் விதித்தது எவ்வாறு தவறாகும் என்று வினவினார். அவையெல்லாம் வரப்போகும் கிறிஸ்துவின் நிழல்கள், பொருள் வந்தபின் நிழல் வேண்டுவதில்லை என்று கிறித்தவர் விடையிறுத்தனர். இவ்விடை எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் ஊன்றியது. விடை பொருந்துமா என்பது அவரவர் முடிவுக்கு உரியது. ஆயினும் ஒன்று தெளிவு. நாவலர் எதிரியின் நூலை எதிரியைக் காட்டிலும் நன்கு படித்திருந்தார். யாம் நாணித் தலைகுனிந்த இடம் இதுவே.

திருவிதாங்கூரில்

இனி நம் நகருக்கு வருவோம். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவம் புகுந்தது மயிலாடியிலிருந்து. அவ்வூர் வேதமாணிக்கம் தஞ்சை சென்று அந்நெறியைத் தழுவித் திரும்பினார். அவர் அழைப்பின் பேரில் ரிங்கல்தௌபே 1806-ல் இங்கு வந்தார். இலண்டன் மிஷன் நாகர்கோவிலிலும், 1838 முதல் திருவனந்தபுரத்திலும் நிலைகொண்டது. இன்றும் பாளையத்திற்கு அருகே எல்.எம்.எஸ். சந்திப்பு என்னும் பெயர் அதனை நினைவூட்டி நிற்கிறது.

இங்கே ஒரு செய்தியை மறக்கலாகாது. அக்கால எளிய மக்கள் பலர் ஆன்செல்மின் வாதத்தையோ சொசீனியின் மறுப்பையோ கேட்டு மதம் மாறினாரல்லர். தெருவில் நடக்கவும், மேலாடை அணியவும், எழுத்தறியவும் தடை இருந்த காலம் அது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் ஒழிக்கப்பட்டது. தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859-ல்தான் மேலாடைக்கு அரச ஆணை பிறந்தது. அத்தகையோருக்கு மீட்பு என்னும் சொல் மறுமையை மட்டும் குறிக்கவில்லை. பள்ளிக்கூடப் பலகையையும் மானத்தோடு உடுத்தும் ஆடையையும் குறித்தது. இதனை உணராமல் மதமாற்றத்தை வெறும் சொல்மாரியின் விளைவு என்று கூறுவோர் வரலாற்றின் பாதியையே கண்டவராவர்.

அனந்தபுரியின் அறிஞர் அவை

1880-களில் இந்நகரில் அறிவுச் சுடர் கொழுந்துவிட்டு எரிந்தது. பேட்டையில் இராமன் பிள்ளை ஆசான் 'ஞானப் பிரஜாகரம்' என்னும் அவையை நடத்தி வந்தார். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, 1885-ல் சைவப் பிரகாச சபையை நிறுவினார். 1891-ல் 'மனோன்மணீயம்' வெளியிட்டார். ரெசிடென்சியில் அலுவல் பார்த்துக்கொண்டே சிவராஜ யோகியாக விளங்கிய தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். சாதி வேறுபாடு பாராமல் சீடர்களை ஏற்றவர். அலுவலகத்தில் கோப்புப் பார்ப்பவனுக்கும் ஆன்மிகம் உண்டு என்பதற்கு அவரே நமக்குச் சான்று!

இச்சூழலில் வளர்ந்தவரே சட்டம்பி சுவாமிகள். 1853-ல் கண்ணம்மூலையில் வறிய குடும்பத்தில் பிறந்தார். ஆசானின் பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்தமையால் சட்டம்பி என்னும் பெயர் நிலைத்தது. தலைமைச் செயலகக் கட்டடம் எழுந்தபோது அங்கே மண் சுமந்தார் என்றும், பின்னர் அதே செயலகத்தில் கணக்கெழுதும் வேலை பார்த்தார் என்றும் அவர் வரலாறு கூறும். தமிழை சுவாமிநாத தேசிகரிடம் கற்றார். கல்லிடைக்குறிச்சிக்குச் சென்று சுப்பா ஜடாபாடிகளிடம் சாத்திரங்களைப் பயின்றார். மலையாள நாட்டின் பெருந்துறவி ஒருவரின் கல்விக்குத் தாமிரபரணிக் கரையும் தமிழும் துணை நின்றன என்பது நமக்குப் பெருமை.

அக்காலத்தில் கோயில் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் மிஷன் பிரசாரகர்கள் இந்து சமயத்தைக் கண்டித்துப் பேசுவது வழக்கம். அதற்கு விடையாக 1890-ல் 'கிறிஸ்துமதச் சேதனம்' என்னும் மலையாள நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஷண்முகதாசன் என்றிருந்தது. முருகனடியாராகிய சட்டம்பி சுவாமிகள் பூண்ட புனைபெயரே அது.

நூலின் முற்பகுதிக்குக் 'கிறிஸ்துமத சாரம்' என்று பெயர். மறுக்கத் தொடங்குமுன், கிறித்தவர் என்ன கூறுகின்றனர் என்பதை அவர் தொகுத்துரைத்தார். பரபக்கம் கூறிப் பின் மறுக்கும் பழைய முறை இதுவேயன்றோ? அதன் பின்னரே வினாக்கள் வருகின்றன. குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம். மண் முதற் காரணம். ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தான் எனின் முதற் காரணம் எது? முற்றும் உணர்ந்த இறைவன், மனிதன் விலக்கப்பட்ட கனியை உண்பான் என்பதை அறியானோ? அறிந்திருப்பின் ஏன் தடுக்கவில்லை? முதல் மனிதன் செய்த பிழை அவன் மக்கள் மேல் ஏறுவது எவ்வாறு முறையாகும்? குற்றமற்றவரைத் தண்டித்துக் குற்றவாளியை விடுவது நீதியோ, கருணையோ? கிறிஸ்துவுக்கு முன் பிறந்தவர்க்கும், அவர் பெயரையே கேளாதவர்க்கும் கதி என்ன? இவை போன்றவை அந்நூலின் வினாக்கள். சித்தாந்தம் கேட்டு வளர்ந்த தமிழர்க்கு இத்தருக்க முறை அன்னியமன்று. மகனாயினும் குற்றம் செய்தவனே தண்டனை பெறவேண்டும் என்று தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவரல்லமோ நாம்!

இதே நகரில், அதே பத்தாண்டில், எதிர்த் திசையில் நடந்த மற்றொருவரும் வாழ்ந்தார். அவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827-ல் நெல்லைச் சீமைக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பனில் தோய்ந்து, 1858-ல் ஞானஸ்நானம் பெற்றவர். மகாராஜா கல்லூரியில் சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். 'நற்போதகம்' இதழில் பல்லாண்டு தொடர்ந்து வந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் நூலாயிற்று. ஜான் பனியன் 1678-ல் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பயணக் கதையைத் தழுவி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் ஆன காப்பியம் அது. முதுகில் பாவச் சுமையேந்தி வரும் பயணி சிலுவையின் அடியில் நிற்க, சுமை தானே அவிழ்ந்து விழுகிறது. பின்னர் உரைநடையில் 'இரட்சணிய சமய நிர்ணயம்' என்னும் நூலையும் அவர் எழுதினார்.

கிருஷ்ண பிள்ளையின் உள்ளத்தை அறிய வைணவத்தை அறிதல் வேண்டும். குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு முறை ஒன்று. தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை முறை மற்றொன்று. உயிரின் முயற்சியும் வேண்டுமென்பர் வடகலையார். அருளே எல்லாம் செய்யுமென்பர் தென்கலையார். விசுவாசமா செயலா என்று வீரமாமுனிவரும் லுத்தரன் குருமாரும் வாதிட்டதற்கு முன்னரே, ஸ்ரீரங்கத்திலும் காஞ்சியிலும் நம்மவர் இதனையே வாதிட்டிருந்தனர். திருக்கோட்டியூரில் இராமானுசர் மந்திரத்தை ஊரறிய முழங்கி, பலர் உய்வதற்காகத் தாம் ஒருவர் நரகம் புகுவதாயின் புகுக என்றார் என்பது குருபரம்பரைக் கதை. பிறர் பொருட்டுத் தன்னைத் தருதல் என்னும் எண்ணம் கிறிஸ்தவத்தில் மட்டும் தோன்றியதன்று; தமிழ் மண்ணிலும் அதற்கு வேர் உண்டு. மனுநீதிச் சோழனும் நம்மவன், இராமானுசரும் நம்மவர். நீதி, கருணை என்னும் இரண்டும் நம் உள்ளத்தில் என்றும் வாதிட்டுக்கொண்டே இருக்கின்றன.

வாதத்தின் பின் விளைவு

கண்டன நூல் எழுதியவரை வெறுப்பாளர் என்று எண்ணுதல் எளிது. சட்டம்பி சுவாமிகளின் பிற்கால வாழ்வு அவ்வெண்ணத்துக்கு இடந்தரவில்லை. பிற சமயத்தின் மறைநூலை நோக்கி வினாத் தொடுத்தவர், தம் சமயத்தின் மறைநூலையும் விட்டுவைக்கவில்லை. 'வேதாதிகார நிரூபணம்' என்னும் நூலில், சூத்திரரும் பெண்டிரும் வேதம் ஓத உரிமையுடையவரே என்று சாத்திரச் சான்றுகளைக் கொண்டே நிறுவினார். வெளிப்பக்கம் திருப்பிய விளக்கை உட்பக்கமும் திருப்பியவர் அவர்.

அவருடைய தோழராகிய நாராயண குரு, 1924 மார்ச்சில் ஆலுவாயில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதிடுவதற்கும் வெல்வதற்கும் அன்று, அறிவதற்கும் அறிவிப்பதற்குமே இம்மாநாடு என்பது அதன் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் சட்டம்பி சுவாமிகள் பன்மனையில் சமாதியடைந்தார். கிறித்தவ உலகமும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவரும், மனச்சான்றின்படி நடப்பாராயின், மீட்படைய இயலும் என்று உரைத்தது. கேளாதவர்க்குக் கதி என்ன என்று 1890-ல் அனந்தபுரியில் எழுந்த வினா, உலகெங்கும் பலர் மனத்தில் எழுந்த வினாவே என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

இவ்வளவும் படித்த பின், எம் பிழைக்கு வருவோம். பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரை ஒரு நாள் நிலையத்தில் சந்தித்தோம். பழங்கதை பேசிக்கொண்டிருக்கையில் அவர் ஒரு செய்தி கூறினார். யாம் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், ஒரு மாலை கவுண்டர் பணத்தில் ஆயிரத்திருநூறு ரூபாய் குறைந்தது. மும்முறை எண்ணியும் குறைந்தது. எம் பெயரில் டெபிட் விழும் என்று நடுங்கி நின்றோம். அண்ணாச்சி வந்து, "நகரும் தம்பி, நான் எண்ணுகிறேன்" என்று எண்ணிக் கணக்குச் சரியாக இருக்கிறது என்றார். யாம் எண்ணியதே தவறு என்று இத்தனை ஆண்டும் நம்பியிருந்தோம். குறைந்த பணத்தை அவர் தம் சட்டைப் பையிலிருந்து வைத்தார் என்பதைப் பக்கத்துக் கவுண்டரில் இருந்த அம்முதியவர் கண்டிருக்கிறார்.

ஒருவன் பிழைக்கு மற்றொருவன் ஈடு கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று அவரிடமே யாம் கேட்டிருந்தோம். அப்போதும் அவர் அதனைச் சொல்லிக் காட்டவில்லை.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை யாம் மனைவி மக்களோடு அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் எழுந்து வந்து, "வாரும், உள்ளே வாரும்" என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டோம். "அது கடன், தம்பி. கடனை யாரும் கட்டலாம்" என்று சிரித்தார். "தண்டனையையும் அவ்வாறு ஏற்கலாமா, அண்ணாச்சி?" என்று கேட்டோம். இம்முறை யாம் ஆன்செல்மையும் நாவலரையும் சட்டம்பி சுவாமிகளையும் படித்துவிட்டுக் கேட்டோம். அவர் தம் வேதத்தை எடுத்து வந்து விளக்கினார். இரவு வெகுநேரம் பேசினோம். அவர் கூறிய விடை எமக்கு இன்றும் முழுதும் உடன்பாடன்று. ஒரு மனிதர் செய்த உதவியால் ஒரு சமயக் கொள்கை மெய்யென்று ஆகிவிடாது. உதவி செய்தவர் கொள்கையை ஏளனம் செய்யும் உரிமையும் நமக்கு இல்லை. இப்போது தட்டுகள் இரு வாசல்களுக்கும் போய் வருகின்றன. வாதமும் தொடர்கிறது.

அன்பர்களே! பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து, ஒரே காலனியில் சைவரும் வைணவரும் கிறித்தவரும் முஸ்லிம்களுமாக வாழ்கிறோம். சமயம் பற்றிப் பேசவே கூடாது என்று வாய் மூடி இருப்பது ஒற்றுமை ஆகாது, அஃது அச்சமே. பேசுவோம், ஆனால் பிறர் நூலைப் படித்துவிட்டுப் பேசுவோம். அவர் கொள்கையை அவரே ஒப்பும் வண்ணம் முதலில் எடுத்துரைத்துவிட்டுப் பின்னர் மறுப்போம். பரபக்கம் அறியாதவன் சுபக்கம் பேசத் தகுதியற்றவன் என்பதே நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பாடம். அதனைக் காலங்கடந்தேனும் கற்றோம் என்னும் நிறைவோடு இக்கட்டுரையை முடிக்கிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நமது சங்கம்!